ஒரே ஒரு சீன எழுத்து: 'ஹாவ்' எழுதவும் பேசவும் பழக முழு வழிகாட்டி

சீன மொழி என்றதும் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: மொத்தம் எத்தனை எழுத்து? சீன அரசு 2013இல் வெளியிட்ட பட்டியலில் 8,105 இருக்கின்றன. அன்றாடம் புழங்குபவை என்று முதல் அடுக்கில் வைத்திருப்பது மட்டும் 3,500. இதைக் கேட்டதும் பாதிப்பேர் நோட்டை மூடிவிடுவார்கள், நானும் ஒருமுறை மூடியவன்தான். இரண்டாம் முறை திறந்தபோது வேறு மாதிரி செய்தேன். ஒரு வாரம் முழுக்க ஒரே எழுத்து, அதையும் எழுதுவது, சொல்வது, வாக்கியத்தில் போடுவது, திட்டு வாங்குவது என்று எல்லா வழியிலும் பிழிந்து பார்ப்பது. அப்படி எடுத்த எழுத்துதான் 'ஹாவ்'. பொருள், நல்ல.

ஏன் இதை எடுக்க வேண்டும் என்றால், மொத்தம் ஆறே இழுப்பு. சீன மொழித் திறனைச் சோதிக்கும் எச்எஸ்கே தேர்வின் முதல் நிலையிலேயே வந்துவிடும். சீனாவின் எளிய வடிவம், தைவான், ஹாங்காங்கின் பழைய வடிவம் என்ற தகராறு இதற்குக் கிடையாது, எங்கும் ஒரே உருவம்தான். இதெல்லாம் சில்லறைக் காரணங்கள். உண்மையான காரணம், இந்த எழுத்து நடந்துகொள்கிற விதம் நம்ம 'நல்ல', 'நல்லா' இரண்டையும் அப்படியே உரித்து வைத்தது போல இருக்கும். இங்கிலீஷ் வழியாகப் படித்தால் ஒவ்வொரு பயன்பாட்டையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டும், தமிழ் வழியாக வந்தால் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

ஒரு விஷயம், எழுத்தின் படத்தை நான் இங்கே காட்டப் போவதில்லை. காட்டினால் பார்த்து வரைந்துவிடுவீர்கள், பார்த்து வரைவது எழுதுவது ஆகாது. நான் சொல்லச் சொல்ல நீங்கள் கட்டத்தில் போடுங்கள், சரியா வந்ததா என்று கண்டுபிடிக்கும் வழியைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் வாய்

தாளை எடுப்பதற்கு முன் ஒலி. 'ஹாவ்' என்று எழுதுகிறேனே தவிர, கடைசியில் இருப்பது நம்ம வ் இல்லை. மேல்பல் கீழுதட்டைத் தொடக் கூடாது. 'ஹா' சொல்லி, உதட்டை 'ஒ' வடிவத்துக்குக் குவித்து விட்டுவிடுங்கள். முன்னால் வரும் ஹ கொஞ்சம் தொண்டையை உரசி வரட்டும்.

அடுத்தது தொனி. மாண்டரின் சீனத்தில் நான்கு தொனிகள்: முதலாவது உயரத்தில் நேராகப் போவது, இரண்டாவது 'என்ன?' என்று கேட்கும்போது குரல் ஏறுமே அப்படி ஏறுவது, மூன்றாவது அடியில் தாழ்ந்து கிடப்பது, நான்காவது 'போ!' என்று அதட்டுவது போல இறங்குவது. இவை போக, தொனியே இல்லாமல் லேசாகத் தொட்டுவிட்டுப் போகும் அசைகளும் உண்டு. இங்கே ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் தொனி எண்ணைப் போட்டுவிடுகிறேன், எண் இல்லாவிட்டால் லேசான அசை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம்ம எழுத்து ஹாவ்3. புத்தகங்களில் மூன்றாம் தொனியை இறங்கி ஏறும் பள்ளம் மாதிரி வரைந்திருப்பார்கள், அதைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு தடவையும் குரலை இறக்கி ஏற்றி ராகம் பாடாதீர்கள். தனியாகவோ வாக்கியக் கடைசியிலோ வந்தால்தான் அந்த ஏற்றம் கேட்கும். நடுவில் வரும்போது தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனால் போதும்.

இரண்டு மூன்றாம் தொனிகள் அடுத்தடுத்து வந்தால் முதலாவது இரண்டாம் தொனியாக மாறிவிடும். எழுதும்போது 'நீ3 ஹாவ்3', சொல்லும்போது 'நீ2 ஹாவ்3'. ஆமாம், அந்த 'நீ'க்குப் பொருள் நீயேதான். தற்செயல்தான், இதை வைத்து மொழிக்குடும்பக் கட்டுரை எழுதக் கிளம்பிவிட வேண்டாம், ஆனால் மறக்காது. மரியாதைக்கு 'நீங்கள்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'நின்2 ஹாவ்3'.

கட்டமும் ஆறு இழுப்புகளும்

சீனப் பள்ளிப் பிள்ளைகள் எழுதிப் பழகும் நோட்டில் ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் ஒரு சிலுவைக் கோடு இருக்கும். கணக்கு நோட்டில் நான்கு கட்டங்களைச் சேர்த்து ஒரு பெரிய கட்டமாக எடுத்துக்கொண்டால் அதே நோட்டு தயார். ஜெல் பேனா நல்லது. பால்பாயின்ட் பேனாவில் இழுப்பின் தொடக்கமும் முடிவும் ஒரே தடிமனில் வந்து எழுத்து கம்பி மாதிரி இருக்கும்.

எழுத்து இரண்டு பாகம். இடப்பாதியில் 'பெண்', வலப்பாதியில் 'குழந்தை'. இரண்டும் தனித்தனியாகவும் எழுத்துகள்தான்.

முதல் இழுப்பு. இடப்பாதியின் மேலே, நடுவில் தொடங்குங்கள். இடப்பக்கம் சாய்ந்து கீழே வாருங்கள், கட்டத்தின் பாதி உயரத்தையும் தாண்டிக் கொஞ்சம் வந்ததும், பேனாவை எடுக்காமல், வலப்பக்கம் திரும்பிக் கீழே சாய்ந்து முடியுங்கள். கணக்கில் வரும் 'விடச் சிறியது' குறி தெரியும் அல்லவா, அதை நெட்டையாக்கி நிற்க வைத்த மாதிரி. திருப்பம் வருகிறதே என்று இரண்டாக எண்ணிவிடாதீர்கள், பேனா மேலே வரவில்லை என்றால் அது ஒரே இழுப்புதான்.

இரண்டாவது. இடப்பாதியின் வலது மேற்பக்கத்தில், முதல் இழுப்பு தொடங்கிய இடத்தைவிடக் கொஞ்சம் தாழ்வாகத் தொடங்கி, இடப்பக்கம் சாய்ந்து கீழே இறங்குங்கள். வழியில் முதல் இழுப்பின் கீழ்க்கையை வெட்டிக்கொண்டு போய் இடது கீழ் மூலையில் முடியும். ஆக அடியில் இரண்டு கால்களைப் பின்னிக்கொண்டு நிற்பது போல ஒரு பெருக்கல் குறி தெரிய வேண்டும்.

மூன்றாவது. இடது ஓரத்தில் தொடங்கி வலப்பக்கம் போகும் குறுக்குக்கோடு, போகப்போக லேசாக மேலே ஏறும். முதல் இழுப்பின் மேல்கையை வெட்டிக்கொண்டு போய், இரண்டாம் இழுப்பின் தலையைத் தொட்டதும் நின்றுவிட வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தப்பு செய்கிற இடம் இதுதான். 'பெண்' தனியாக வரும்போது இந்தக் கோடு இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு படுத்திருக்கும், இடப்பக்கப் பாதியாக ஒடுங்கும்போது வலப்பக்கத் துருத்தலை வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் குழந்தையின் வயிற்றில் குத்தும். எனக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியை இதற்காகவே ஒரு பக்கம் முழுக்க சிவப்பு மையால் சுழித்து, வாயே திறக்காமல் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். மூன்றும் முடிந்ததும் நடுவில் ஒரு சின்னப் பொந்து அடைபட்டிருக்கிறதா பாருங்கள், இருந்தால் சரி.

நான்காவது, வலப்பாதிக்கு வந்துவிட்டோம். மேலே இடமிருந்து வலமாக ஒரு குட்டைக் கிடைக்கோடு, அது முடியும் இடத்தில் பேனாவை எடுக்காமல் திரும்பி இடப்பக்கம் சாய்ந்து கொஞ்சமே கொஞ்சம் கீழே. நிற்கும் இடம் வலப்பாதியின் நடுவாக இருக்கட்டும்.

ஐந்தாவது. நின்ற அதே இடத்தில் பேனாவை எடுத்து மறுபடி வைத்து, கீழே இறங்குங்கள், வலப்பக்கம் லேசாக வயிறு தள்ளியபடி. அடியில் வந்ததும் இடப்பக்கம் மேல்நோக்கி ஒரு சின்னக் கொக்கி, தூண்டில் முள் அளவுக்கு. அவசரத்தில் நான்கையும் ஐந்தையும் ஒன்றாக இழுத்தால் மூன்று என்ற எண் போல வந்துவிடும். கையெழுத்து ஓடத் தொடங்கிய பிறகு சீனர்களே அப்படித்தான் எழுதுகிறார்கள், ஆனால் முதல் வாரத்தில் உங்களுக்கு அந்த உரிமை இல்லை.

ஆறாவது, கடைசி. வலப்பாதியின் நடு உயரத்தில் இடமிருந்து வலமாக ஒரு நீளமான கிடைக்கோடு, ஐந்தாம் இழுப்பின் கழுத்துக்குச் சற்றுக் கீழே வெட்டிக்கொண்டு. குழந்தை இரண்டு கைகளையும் நீட்டி நிற்கிறது. இடது கை அம்மாவின் பக்கம் நெருங்கி வரலாம், முட்டக் கூடாது.

இரண்டு பாகத்துக்கும் இடையில் தாராளமாக இடம் விட்டு எழுதினால் என்ன ஆகும் தெரியுமா? அது இரண்டு எழுத்தாகி, 'ந்யூ3 ட்ஸ3' என்ற வேறு சொல்லாகிவிடும், பொருள் பெண். விளையாட்டுப் போட்டிகளில் 'மகளிர் பிரிவு' என்று வரும் இடத்தில் பார்க்கலாம். 'நல்ல' என்று எழுதப்போய் 'மகளிர்' ஆகாமல் இருக்க, இரண்டையும் ஒரே கட்டத்துக்குள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு உட்காரும் பஸ் பயணிகள் மாதிரி நெருக்கி வையுங்கள்.

இப்போது சரிபார்க்கும் வழி. போனில் சீன பின்யின் (சீன ஒலியை ஆங்கில எழுத்தில் எழுதும் முறை) விசைப்பலகையைச் சேர்த்துக்கொண்டு எச், ஏ, ஓ என்று மூன்று எழுத்தைத் தட்டுங்கள். மேலே வரிசையாக வருபவற்றில் முதலில் நிற்பது அநேகமாக இவராகத்தான் இருப்பார். உங்கள் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பயிற்சிக்கு ஒரே உட்காரலில் நூறு தடவை எழுதாதீர்கள், இருபதுக்கு மேல் கை தானாக ஓடும், மூளை தூங்கிவிடும். காலையில் ஐந்து, மதியம் பார்க்காமல் ஐந்து, ராத்திரி பார்க்காமல் ஐந்து. பார்க்காமல் எழுதியதுதான் கணக்கு. தட்டச்சிலேயே வாழ்வதால் சீனர்களுக்கே எழுத்து மறந்துபோகிறது, அதற்கு அங்கே 'பேனாவைத் தூக்கினால் எழுத்து மறக்கும்' என்று ஒரு நான்கெழுத்துத் தொடரே இருக்கிறது.

அம்மாவும் குழந்தையும், கூடவே ஒரு ராணி

'பெண் பக்கத்தில் குழந்தை, அதனால் நல்லது' என்று எல்லா வகுப்பிலும் ஒரு கதை சொல்வார்கள். ஞாபகத்துக்கு அருமையான கதை, வைத்துக்கொள்ளுங்கள், சத்தியம் மட்டும் செய்யாதீர்கள். கி.பி. 100 வாக்கில் ஷூ ஷன் தொகுத்த பழைய அகராதி இந்த எழுத்துக்கு 'அழகு' என்று பொருள் சொல்கிறது. அதற்கும் ஆயிரத்துச் சொச்சம் ஆண்டு முன்னால், சீனாவின் ஷாங் வம்சத்து மன்னன் வூ டிங்கின் மனைவியர்களில் ஒருத்தியின் பெயரில் இதே எழுத்து இருக்கிறது: ஃபூ ஹாவ். ஹனான் மாகாணத்து அன்யாங்கில் 1976இல் தொல்லியலாளர் ஜங் ஜன்ஷியாங் தலைமையில் அவளுடைய கல்லறையைத் தோண்டினார்கள். கொள்ளையர் கை படாத கல்லறை, நூற்றுக்கணக்கில் வெண்கலமும் பச்சைக்கல்லும், பல வெண்கலங்களில் பொறித்த அவளுடைய பெயரும். குறி பார்க்கப் பயன்படுத்திய எலும்புகளில் கீறி வைத்த சாசனங்கள் அவள் 13,000 வீரர்களோடு படை நடத்தியதைச் சொல்கின்றன. ஷாங் அரச குலத்தின் பெயரே 'ட்ஸ', அதாவது குழந்தை எழுத்து, என்பதால் அவள் பெயரை ஹாவ் என்று வாசிக்கக் கூடாது, ட்ஸ என்றுதான் வாசிக்க வேண்டும் என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு. எனக்கு இந்தக் கதையில்தான் ருசி. அடுத்த முறை ஆறாவது இழுப்பு கோணலாகப் போனால், மூவாயிரம் ஆண்டுக்கு முன்னால் ஒருவன் இதையே வெண்கலத்தில் பொறித்தான் என்று நினைத்துக்கொண்டு இன்னொரு தடவை எழுதுங்கள்.

இனி வாக்கியத்தில்

'வோ3 ஹன்3 ஹாவ்3', நான் நலம். நடுவில் 'இருக்கிறேன்' மாதிரி வினைச்சொல் எதுவும் இல்லை, தமிழிலும் 'நான் நலம்' போதுமே. அந்த 'ஹன்'னுக்கு அகராதியில் 'மிகவும்' என்று பொருள் போட்டிருக்கும், இங்கே அது வெறும் முட்டுக்கொடுப்பு. அதை எடுத்துவிட்டால் 'நான் நல்லவன், மற்றவன் இல்லை' என்று ஒப்பிடுகிற தொனி வந்துவிடும். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் எதுவும் வேண்டாம்: 'ஹாவ்3 ழன்2', நல்ல மனுஷன். (இந்த ழ நம்ம ழகரத்துக்குப் பக்கத்து வீடு. மற்ற ஊர்க்காரர்கள் நாக்கைத் தேடுகிற இடத்தில் நமக்கு அது தயாராகவே இருக்கிறது.)

வணக்கம் சொல்ல, யாருக்குச் சொல்கிறோமோ அவருக்குப் பின்னால் ஹாவ் போட்டால் முடிந்தது. 'லாவ்3 ஷழ்1 ஹாவ்3', வணக்கம் ஆசிரியரே. 'தா4 ஜியா1 ஹாவ்3', எல்லாருக்கும் வணக்கம். தினமும் பார்க்கிறவர்களிடம் 'நீ ஹாவ்' சொன்னால் கொஞ்சம் விறைப்பாக இருக்கும், அவர்களிடம் 'சாப்பிட்டாச்சா?' என்று கேட்பதுதான் அங்கேயும் பழைய வழக்கம்.

அடுத்து, வினைக்கு முன்னால். 'ஹாவ்3 ச்சழ்1', சாப்பிட நல்லா இருக்கு. 'ஹாவ்3 கான்4', பார்க்க நல்லா இருக்கு. 'ஹாவ்3 திங்1', கேட்க நல்லா இருக்கு. அதே கட்டுமானம், வரிசை மட்டும் தலைகீழ். டீ, சூப், ஜூஸ் எல்லாம் குடிப்பவை, அவற்றுக்கு 'ஹாவ்3 ஹ1'. மலேசியா பக்கம் இருப்பவர்கள் பினாங்கு சாப்பாட்டுக் கடைகளில் 'ஹோ ஜியாக்' என்று கேட்டிருப்பீர்கள், அதில் வரும் 'ஹோ' இதே எழுத்துக்கு ஹொக்கியன் என்ற சீனக் கிளைமொழியின் உச்சரிப்புதான். சில வினைகளுக்கு முன்னால் 'சுலபம்' என்றும் வரும்: 'ஹாவ்3 ஷியே3', எழுதச் சுலபம்.

'நல்ல குளிர்', 'நல்ல பசி' என்று சொல்கிறோமே, குளிரிலும் பசியிலும் என்ன நல்லது இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. 'ஹாவ்3 லங்3', 'ஹாவ்3 அ4' இரண்டும் அச்சு அசலாக அதேதான். 'ஹாவ்3 ஜியோ3 பு2 ஜியென்4', பார்த்து ரொம்ப நாளாச்சு. 'ஹாவ்' என்பதையே இரட்டித்து வினைக்கு முன்னால் போட்டால் 'நல்லா' என்ற அறிவுரைத் தொனி: நல்லா படி, நல்லா ஓய்வெடு. சீன வகுப்பறைச் சுவர்களில் 'நன்றாகப் படி, நாளும் முன்னேறு' என்ற வாசகம் இப்படித்தான் தொடங்கும், மாவோ சேதுங் 1951இல் ஒரு பையனுக்கு எழுதிக் கொடுத்தது.

வினைக்குப் பின்னால் வந்தால் 'ஆச்சு'. 'ஷியே3 ஹாவ்3 ல', எழுதியாச்சு. உடம்பு சரியில்லாமல் இருந்தவரைப் பற்றி 'ஹாவ்3 ல' என்றால், நல்லாயிடுச்சு. சண்டை போடும் பிள்ளைகளிடம் 'ஹாவ்3 ல, ஹாவ்3 ல' என்றால், சரி சரி, போதும். இதில் நான் ஒரு கிண்ணம் நூடுல்ஸைப் பறிகொடுத்திருக்கிறேன். குவாங்ஜோவில் ஒரு சின்னக் கடை, நல்ல கூட்டம், பாதிதான் சாப்பிட்டிருந்தேன். கடைக்கார அம்மா வந்து 'ச்சழ்1 ஹாவ்3 ல ம?' என்றார். ருசியைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து, தெரிந்த ஒரே எழுத்தைப் பயன்படுத்தும் பெருமையில் 'ஹாவ்! ஹாவ்!' என்று தலையாட்டினேன். கிண்ணம் போய்விட்டது, மேசையும் துடைத்தாயிற்று. அவர் கேட்டது 'சாப்பிட்டு முடிச்சாச்சா?'

'சரி' என்று ஒப்புக்கொள்ளும் இடத்தில் கடைசி அசையில்தான் எல்லாம் இருக்கிறது. 'ஹாவ்3 த' என்றால் சரிங்க, வேலையிடத்துக்கும் மெசேஜுக்கும் பொருத்தம். 'ஹாவ்3 ஆ' என்றால் ஓ, தாராளமா. 'ஹாவ்3 ப' என்றால் ம்ம், சரி விடு. முதலாளிக்குக் கடைசியானதை அனுப்பிவிடாதீர்கள். வாக்கியத்தின் முடிவில் 'ஹாவ்3 பு ஹாவ்3?' என்று ஒட்டினால், சரியா? தெருவில் வழி கேட்க, லேசாக மன்னிப்புக் கேட்க, கூச்சத்தைக் காட்ட எல்லாவற்றுக்கும் 'பு4 ஹாவ்3 யி4 ஸ' ஒன்றே போதும்.

தமிழ் கைவிடும் இடமும் ஒன்று உண்டு. இதே எழுத்தை நான்காம் தொனியில் சொன்னால், ஹாவ்4, பொருள் 'விரும்பு' ஆகிவிடும். 'ஆய்4 ஹாவ்4' பொழுதுபோக்கு, 'ஹாவ்4 ச்சீ2' ஆர்வத்தோடு துருவுவது, 'ஹாவ்4 க4' விருந்தினரை விரும்புவது, அதாவது விருந்தோம்பல். ஜப்பானியர்கள் 'பிடிக்கும்' என்பதற்கு 'சுகி' என்று எழுதுவதும் இதே எழுத்தில்தான். எழுத்தில் வித்தியாசமே தெரியாது, சூழலை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். 'ஹாவ்3 ச்சழ்1' ருசியான பண்டம், 'ஹாவ்4 ச்சழ்1' தீனிப்பண்டாரம். சமைத்துப் போட்டவரிடம் தொனி தவறினால் என்ன ஆகும் என்று நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள். இன்னொரு வினோதம், 'ஹாவ்3 ழோங்2 யி4' என்றாலும் நடுவில் 'இல்லை' என்ற 'பு4' சேர்த்து 'ஹாவ்3 பு4 ழோங்2 யி4' என்றாலும் ஒரே பொருள்தான்: படாத பாடு பட்டு. ஏன் என்று முதல் வாரத்தில் கேட்காதீர்கள்.

வாரம் முடிந்ததும்

ஆறு இழுப்பும் கைக்கு வந்துவிட்டால் அடுத்த எழுத்துகளைத் தேடி அலைய வேண்டாம், கையில் இருக்கும் இரண்டு பாகத்தையே பிரித்துப் போடுங்கள். அந்த ஒடுங்கிய 'பெண்'ணுக்குப் பக்கத்தில் 'குதிரை' வைத்தால் அம்மா, 'வாய்' வைத்தால் 'போல'. வீட்டுக்கூரையின் கீழே பெண் நின்றால் அமைதி (இங்கே அவள் ஒடுங்க வேண்டியதில்லை, கோட்டை இரண்டு பக்கமும் தாராளமாக நீட்டலாம்), அதே கூரையின் கீழே குழந்தை நின்றால் 'எழுத்து' என்ற எழுத்தே வந்துவிடும். இப்போதைக்கு ஒரே ஒரு வேலை: சீனம் தெரிந்த யாராவது அடுத்த முறை உங்களுக்கு ஏதாவது அனுப்பினால், எச், ஏ, ஓ தட்டி, பின்னால் டி, ஈ சேர்த்து, 'ஹாவ்3 த' என்று பதில் போட்டுவிடுங்கள்.